மஞ்சள் தட்டிய லானை மீட்ட வேலைக் குறிப்பு: ஏற்காடு அடிவாரம், சேலம்

இடம் சேலத்தில் ஏற்காடு அடிவாரம் போகும் சாலைப் பக்கம். வீட்டின் முன்புறம் 40 அடிக்கு 20 அடி, மொத்தம் 800 சதுர அடி லான். புல் பெர்முடா, அதாவது நம் அருகம்புல்லின் சன்ன இலை ரகம். தண்ணீர் போர்வெல். வீடு கட்டி முடித்த கையோடு செம்மண் அடித்து, நர்சரியிலிருந்து வந்த புல் பாய்களை அப்படியே விரித்துவிட்டுப் போன வேலை. கொஞ்ச காலம் பச்சைப் பசேலென்று இருந்தது. பிறகு நடுப்பகுதி வெளிறி மஞ்சளானது, காம்பவுண்டு சுவர் ஓரம் காய்ந்தது, மாமரத்தடி வழுக்கை விழுந்தது.

இதற்கு ஊரில் நடக்கும் வைத்தியம் யூரியா ஒரு பிடி, தண்ணீர் இரண்டு வேளை. அதுவும் இங்கே நடந்திருக்கிறது. போட்ட வாரம் புல் விறுவிறுவென்று வளரும், நிறம் மட்டும் திரும்பாது. மூன்று இடத்தில் மூன்று கோளாறு இருக்கும்போது ஒரே மூட்டையைப் பிரித்து மூன்றுக்கும் கொட்டினால் எதுவும் தீராது. அதனால் வேலை உரக்கடையில் தொடங்கவில்லை, தரையைக் குத்திப் பார்ப்பதில் தொடங்கியது.

காலம் வைகாசி, கோடை மழை இரண்டு மூன்று பெய்த பிறகு. பெர்முடா சூட்டில் வளரும் புல். தரையைக் குத்தி, கிளறி, வெட்டிப் போட்டாலும் வைகாசி முதல் ஆவணி வரை தானே மூடிக்கொள்ளும். இதே வேலையை மார்கழியில் செய்தால் குத்திய ஓட்டை தை கழிந்தும் அப்படியே இருக்கும். பங்குனியில் செய்தால் வேர் வெந்துபோகும்.

குத்திப் பார்த்ததும் வெட்டிப் பார்த்ததும்

நீளமான ஸ்க்ரூடிரைவர் ஒன்று போதும். தண்ணீர் விட்ட மறுநாள் காலை, உள்ளங்கையால் அழுத்தினால் 15 செ.மீ. இறங்க வேண்டும். நடுப்பகுதியில் 6 செ.மீ.க்கு மேல் இறங்கவில்லை. சுவர் ஓரத்தில் 4 செ.மீ.யில் 'டக்'கென்று கல் சத்தம். மாமரத்தடியில் மண் இளகலாகத்தான் இருந்தது, வேர்தான் தடுத்தது.

அடுத்து, நடுப்பகுதியில் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக மூன்று பக்கம் மட்டும் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல் மாதிரி விட்டுப் புல்லைப் புரட்டிப் பார்த்தோம். முதலில் தேடியது வேர்ப்புழு. கோடை மழை விழுந்ததும் வாசல் விளக்கைச் சுற்றும் பழுப்பு வண்டின் குஞ்சுதான் அது, வெள்ளையாக அரைவட்டமாகச் சுருண்டு கிடக்கும். ஒரு சதுர அடியில் ஐந்துக்கு மேல் இருந்தால் மருந்து யோசிக்கலாம். இங்கே ஒன்றிரண்டுதான், விட்டுவிட்டோம். புழு தின்ற லான் என்றால் வேர் அறுபட்டு, இழுத்தால் கோரைப்பாய் போலக் கையோடு வரும். இது அப்படி வரவில்லை.

புரட்டிய துண்டின் பக்கவாட்டில்தான் விஷயமே இருந்தது. மேலே ஒரு விரல்கனம் செத்த தண்டும் சருகும். அதற்குக் கீழே இரண்டு செ.மீ. சாம்பல் நிறக் களிமண், நர்சரியிலிருந்து பாயோடு ஒட்டிக்கொண்டு வந்தது. அதற்கும் கீழே கொட்டிய செம்மண். களி முடிந்து செம்மண் தொடங்கும் கோட்டில் வேர்கள் கீழே இறங்காமல் பக்கவாட்டில் திரும்பி ஓடியிருந்தன. 'அருகுபோல் வேரோடி' என்று மணமக்களை வாழ்த்துகிறோம், அந்த அருகே இரண்டு செ.மீ. களியில் முடங்கிக் கிடந்தது. விட்ட தண்ணீர் களியிலேயே நின்று ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கும். மேலே தெரிந்த வெள்ளைப் பொருக்கு அதுதான்.

செம்மண்ணில் சின்னச் சின்ன வெள்ளைக் கட்டிகள். ஒன்றின் மேல் வினிகர் சொட்டினால் நுரைத்தது: சுக்கான், அதாவது சுண்ணாம்புக் கட்டி. இங்கே ஒரு எச்சரிக்கை. சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் நடுவில் மேக்னசைட் என்னும் மெக்னீசியத் தாதுக் கல் கிடைக்கும் வெள்ளைக் கரடு இருக்கிறது. மேக்னசைட் கல் வினிகருக்கு லேசில் நுரைக்காது. ஆகவே இந்தப் பக்கத்து மண்ணில் நுரை வரவில்லை என்றால் பிரச்சினை இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மண்ணைச் சோதனைக்குக் கொடுப்பதுதான் சரி. சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் விசாரிக்கலாம். ஐந்தாறு இடத்தில் 'வி' வடிவில் 15 செ.மீ. ஆழம் வெட்டி, பக்கச் சுவரிலிருந்து ஒரு விரல்கனம் சீவி எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கி, நிழலில் காயவைத்துக் கொடுக்க வேண்டும். புல்லும் சருகும் சேரக் கூடாது. இந்த லானின் மண் கார அமில நிலை (pH) 8.4 என்று வந்தது. 7.5ஐத் தாண்டினாலே மண்ணில் இருக்கிற இரும்பு புல்லுக்குக் கிடைப்பது குறைந்துவிடும்.

மஞ்சளுக்குக் காரணம் எது

இலையைப் பார்த்தே பாதி சொல்லிவிடலாம். தழைச்சத்து, அதாவது யூரியாவில் இருக்கும் நைட்ரஜன், குறைந்தால் அடியிலிருக்கும் பழைய இலை முதலில், முழுசாக வெளிறும். இரும்புக் குறை என்றால் நுனியில் புதிதாக வரும் இலை மஞ்சளாகும், நரம்புக் கோடு மட்டும் பச்சையாக நிற்கும். இங்கே இரண்டாவது. இருந்தாலும் கண்ணை மட்டும் நம்பாமல், ஆணி அடித்துச் சணல் கட்டி ஒரு மீட்டர் சதுரமாக மூன்று கட்டம் பிரித்தோம். முதல் கட்டத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் 1 கிராம் எலுமிச்சை உப்பும் (சிட்ரிக் அமிலம்) 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட்). இரண்டாவதுக்கு லிட்டருக்கு 10 கிராம் யூரியா. மூன்றாவது சும்மா. இலை நனையும் அளவுக்கு மட்டும் தெளிப்பு. ஐந்தாம் நாள் அன்னபேதிக் கட்டம் தனியாகக் கரும்பச்சையாகத் தெரிந்தது. யூரியாக் கட்டத்தில் புல் அரை அங்குலம் உயர்ந்திருந்தது, மஞ்சள் அப்படியே.

இதைச் செய்து பார்க்காமல் யாரும் மூட்டை வாங்க வேண்டாம். ஐந்து ரூபாய்ச் செலவில் ஐநூறு ரூபாய் மிச்சம். இணையத்தில் படித்துவிட்டு லானுக்கு எப்சம் உப்பு போடுகிறவர்களும் இருக்கிறார்கள். எப்சம் உப்பு என்றால் மெக்னீசியம் சல்பேட். மேக்னசைட் கரட்டுக்கு அடியில் குடியிருந்துகொண்டு மெக்னீசியத்தைக் காசு கொடுத்து வாங்கிப் போடுவானேன்?

கந்தகம் போட்டு மண்ணின் காரத்தைக் குறைக்கலாமே என்றும் சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சதுர மீட்டரில் 15 செ.மீ. ஆழ மண் ஏறக்குறைய 200 கிலோ. அதில் நூற்றுக்கு 5 பங்கு சுண்ணாம்பு என்றால் 10 கிலோ. அதை முறிக்க 3.2 கிலோ கந்தகம் வேண்டும். 800 சதுர அடிக்கு 235 கிலோவைத் தாண்டும். சுக்கான் இல்லாத மண்ணுக்குக் கந்தகம் நல்ல மருந்து. சுக்கான் கலந்த மண்ணில் அது ஆற்றில் கரைத்த புளிதான்.

சுவர் ஓரம்

இந்த இடத்துக்கு உரமும் மருந்தும் வேண்டியதில்லை, மண்வெட்டி போதும். 6 அடிக்கு 4 அடி தோண்டியதும் கொத்தனார் கலவை கழுவி ஊற்றிய இடம் என்று தெரிந்தது: 4 செ.மீ. செம்மண்ணுக்குக் கீழே சிமென்ட் பால் இறுகிய ஜல்லியும் செங்கல் துண்டும். 20 செ.மீ. ஆழத்துக்கு வாரி வெளியே போட்டதில் 16 கன அடி குப்பை. அடித்தரையைக் கடப்பாரையால் இளக்கிவிட்டு, செம்மண் இரண்டு பங்கு, சலித்த தொழு உரம் ஒரு பங்கு, மணல் ஒரு பங்கு கலந்து நிரப்பி, தண்ணீர் விட்டு அமரவைத்து, அமர்ந்த பள்ளத்துக்கு மறுபடி நிரப்பினோம். மண் மட்டம் பக்கத்துப் புல்லின் மண்ணைவிட இரண்டு செ.மீ. தாழ்வாக நிற்க வேண்டும். பாயின் கனம் அதில் சேரும்.

புதுப் பாயை விரிக்கும் முன் தொட்டித் தண்ணீரில் அலசி, ஒட்டியிருந்த களியைப் பெரும்பாலும் கழுவிவிட்டோம். வேர் வெள்ளையாகத் தெரிந்தால் போதும். நர்சரியில் பாய் வாங்கும் எல்லோருமே இதைச் செய்யலாம். முதல் பத்து நாள் காலை மாலை நனைப்பு. பாயின் ஓரத்தைப் பிடித்து மெதுவாக இழுத்தால் எதிர்த்து நிற்க வேண்டும், அது வரைக்கும் காலடி படக் கூடாது.

நடுப்பகுதி: துளை போட்டது

இதுதான் இடுப்பை ஒடிக்கும் வேலை. களியையும் செம்மண்ணையும் ஊடுருவித் துளை போட்டு, மண்ணை உருவி எடுத்து, அதில் மணல் கலவை இறங்கினால்தான் வேர் கீழே போகும். ஆணிச் செருப்பு என்று விற்கிறார்கள், வாங்க வேண்டாம். அது மண்ணை வெளியே எடுப்பதில்லை, குத்திய இடத்தைச் சுற்றி இன்னும் இறுக்கத்தான் செய்யும்.

கருவியை வெல்டிங் பட்டறையில் செய்துகொள்ளலாம். அரை அங்குல ஜி.ஐ. பைப், கனமான சி கிளாஸ், 12 செ.மீ. நீளத்தில் இரண்டு துண்டு. 10 செ.மீ. இடைவெளியில் ஒரு பட்டையில் செங்குத்தாக வெல்டிங், பட்டைக்கு மேல் காலால் மிதிக்க இடம், நடுவில் இடுப்புயரக் கைப்பிடி. பைப்பின் வாயை வெளிப்பக்கமாகச் சாணை பிடித்துக் கூராக்கி, சுத்தியால் லேசாக உள்பக்கம் தட்டி வாயை ஒரு மி.மீ. சுருக்க வேண்டும். சுருக்காவிட்டால் மண் உள்ளே இறுகி, நாலு மிதிக்கு ஒருமுறை கம்பி விட்டுக் குத்தியெடுக்க வேண்டி வரும். சுருக்கினால் வெட்டுப்பட்ட மண் பைப்பின் உள்சுவரை உரசாமல் மேலேறும். பைப்பின் மேற்பாதியில் கிரைண்டரால் ஒரு நீள ஜன்னல் வெட்டிவிட்டால் அடுத்த மிதியில் பழைய மண் அதன் வழியே விழுந்துவிடும்.

மண் பதம் முக்கியம். நன்றாகத் தண்ணீர் பாய்ச்சி ஒரு நாள் விட்டு இறங்க வேண்டும். சேறாக இருந்தால் துளையின் சுவர் பூசி மெழுகின மாதிரி அடைத்துக்கொள்ளும். காய்ந்திருந்தால் பைப் வளையும். முதலில் புல்லை 2 செ.மீ. உயரத்துக்கு வெட்டிவிட்டு, 8 செ.மீ. ஆழத்துக்கு, 10 செ.மீ.க்கு ஒரு துளை. நடுப்பகுதி 500 சதுர அடி, அதாவது 46 சதுர மீட்டர். சதுர மீட்டருக்கு நூறு துளை வீதம் 4,600 துளை. ஒரே மூச்சில் முடிக்கப் பார்க்காமல் நாளுக்கு ஒரு பாத்தி என்று பிரித்துக்கொள்வது உடம்புக்கு நல்லது.

வெளியே விழுந்த மண் உருளைகளை வாரிக் கொட்டிவிட்டோம். திரும்பப் போட்டால் அதே களி அதே ஓட்டைக்குள் போகும். உடனே ஜிப்சம், சதுர மீட்டருக்கு 200 கிராம், மொத்தம் 9 கிலோ தூவினோம். மெக்னீசியம் மிஞ்சிய மண் ஈரத்தில் குழைந்து, காய்ந்தால் பாறையாகும். ஜிப்சத்தின் கால்சியம் அந்த இடத்தைப் பிடித்தால் மண் பொலபொலக்கும், உப்பும் கீழே கழுவிப் போகும். ஜிப்சம் மண்ணின் காரத்தைக் குறைக்காது, அந்த எதிர்பார்ப்பில் போட வேண்டாம்.

அதன் மேல் மணல் ஏழு பங்கு, சலித்த தொழு உரம் மூன்று பங்கு கலந்த கலவை. துளைக்குள் போவதும், மேலே 5 மி.மீ. பரப்புவதும் சேர்த்து 10, 11 கன அடி பிடித்தது. ஆற்று மணல் கிடைப்பது குதிரைக் கொம்பு, எம் சாண்டுதான் கிடைக்கும். அதிலிருக்கும் கல்மாவு துளைக்குள் போனால் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொள்ளும். கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணல் போட்டு, தண்ணீர் நிரப்பிக் குலுக்கி அரை மணி நேரம் வைத்தால் மாவு மேல் அடுக்காகப் படியும். மணலின் உயரத்தில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் அலசி எடுத்துத்தான் போட வேண்டும். இங்கே அலசினோம். பரப்பியதைத் தென்னந்துடைப்பத்தின் பின்புறத்தால் தேய்த்தால் துளைக்குள் இறங்கும். புல் நுனி வெளியே தெரிய வேண்டும், மூழ்கினால் அந்த இடம் அழுகும்.

அன்னபேதி

துளை போட்டு இரண்டு வாரம் கழித்து முழு லானுக்கும் தெளிப்பு. மாமரத்தடி போக மிச்சம் 650 சதுர அடிக்கு 4 லிட்டர் தாராளம். 4 கிராம் எலுமிச்சை உப்பை முதலில் கரைத்து, பிறகுதான் 20 கிராம் அன்னபேதி. வரிசை மாறக் கூடாது. போர்வெல் தண்ணீரின் காரத்தில் அன்னபேதி நேரே விழுந்தால் கண்ணெதிரே துருவாக மாறும். கரைசல் வெளிர்பச்சையாக இருந்தால் சரி, டீ நிறத்துக்கு வந்துவிட்டால் கீழே ஊற்றிவிட்டு மழைத் தண்ணீரிலோ குடிதண்ணீரிலோ மறுபடி கலக்க வேண்டும். கடையில் வாங்கும்போதும் பச்சைப் படிகமாகப் பார்த்து வாங்க வேண்டும், மஞ்சள் தூளாகிப்போனது பழைய சரக்கு. தெளிப்பது வெயில் தாழ்ந்த பிறகு, மழை வராத நாளில்.

மண்ணில் தூவினால் இந்தச் சுக்கான் நிலத்தில் ஓரிரு நாளில் பயனற்றுப் போகும். இலை வழிதான் வழி. இரும்பு பழைய இலையிலிருந்து புது இலைக்கு நகராது, புல்லை வெட்ட வெட்டத் தெளித்த இலையும் போய்விடும். ஆக, வேர் ஆழம் போகிற வரைக்கும் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை தெளித்தாக வேண்டும். இரும்புச் சீலேட், அதாவது இரும்பைக் கரைந்த நிலையிலேயே பிடித்து வைக்கும் உரம், வாங்குவதானால் இ.டி.டி.ஹெச்.ஏ. வகை பார்த்து வாங்க வேண்டும். விலை கூடுதல், ஆனால் கார மண்ணில் நிற்கும். இ.டி.டி.ஏ. வகை இந்த மண்ணில் நிற்காது.

சிமென்ட் நடைபாதையில் சொட்டினால் துருக் கறை. ஈரம் காயும் முன் கழுவினால் போய்விடும். காய்ந்தால் எலுமிச்சை உப்புக் கரைசல் ஊற்றித் தேய்க்கலாம், மொசைக்கிலும் மார்பிளிலும் அதைச் செய்யக் கூடாது, பளபளப்பு போய்விடும்.

தழைச்சத்து இதற்குப் பிறகுதான். யூரியாவுக்குப் பதில் அமோனியம் சல்பேட் 1 கிலோ, இரண்டாகப் பிரித்துக் குறுக்கும் நெடுக்கும் தூவி, உடனே தண்ணீர். கார மண்ணின் மேல் கிடந்தால் எதுவானாலும் அமோனியாவாகப் பறந்துவிடும், மூக்கே சொல்லும். ஈர இலையில் தூவினால் நுனி கருகும். வளரும் காலத்தில் ஐந்து வாரத்துக்கு ஒருமுறை போதும்.

தண்ணீர்

20 லிட்டர் பெயின்ட் வாளி ஒரு நிமிஷத்தில் நிரம்பியது. தினமும் பத்து நிமிஷம் ஹோஸ் பிடித்தால் 200 லிட்டர், 60 சதுர மீட்டருக்கு அது 3 மி.மீ. சேலத்து வெயில் அதைப் பகலுக்குள் குடித்துவிடும். மாற்றியது இப்படி: வாரம் இரண்டு முறை, முறைக்கு 12 மி.மீ., அதாவது 720 லிட்டர், 36 நிமிஷம். பங்குனி சித்திரையிலும் ஆடிக் காற்றிலும் மூன்று முறை. ஒரே தடவையில் விட்டால் வழிந்தோடும் என்பதால் 12 நிமிஷம் விட்டு அரை மணி நேரம் நிறுத்தி, மூன்று சுற்று. விடியற்காலையில். நேர்ச்சுவர் எவர்சில்வர் டம்ளர்களை அங்கங்கே வைத்து அளந்தபோது ஒரு மூலையில் 9 மி.மீ., எதிர் மூலையில் 2 மி.மீ. விழுந்திருந்தது. கை போன போக்கில் பிடித்தால் அப்படித்தான்.

ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்காமல் லானுக்கு விடுகிறார்கள். போர்வெல் உப்பு இரண்டு மூன்று மடங்காகத் திரண்ட தண்ணீர் அது. பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளலாம். சாஃப்ட்னர் வழியாக வரும் தண்ணீர் இன்னும் மோசம், சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு சோடியத்தைக் கொடுக்கிறது. லானுக்குப் போகும் குழாயை சாஃப்ட்னருக்கு முன்னாலேயே பிரித்துவிட வேண்டும்.

மிச்ச வேலைகள்

மாமரத்தடி 150 சதுர அடியில் புல் வளர்க்கும் யோசனையையே கைவிட்டோம். பெர்முடாவுக்கு ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வட்டமாகச் செங்கல் பதித்து, உள்ளே சருகு மூடாக்கு. மரத்துக்கும் நல்லது.

கோரையைக் கையால் பிடுங்கினால் கிழங்கு உள்ளேயே நிற்கும், ஒன்றுக்கு மூன்றாக வரும். மழை விட்ட ஈரத்தில் சின்னக் கம்பியால் 15 செ.மீ. நெம்பிக் கிழங்கோடு எடுக்க வேண்டும். கரும்புக்கு அடிக்கும் ஹாலோசல்ஃப்யூரான் கோரையைக் கேட்கும்தான், ஆனால் இத்தனை சின்ன இடத்துக்கு ஒரு கிராமுக்கும் குறைவாக அளக்க வேண்டும், சமையலறைத் தராசு அதற்கு ஆகாது. அம்மான் பச்சரிசி முளைத்தால் தரை இறுகியிருக்கிறது, புளியாரை பரவினால் நிழலும் ஈரமும் அதிகம் என்று எடுத்துக்கொள்ளலாம்.

வெட்டும் உயரம் 3 செ.மீ. மழைக் காலத்தில் ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை, ஒரு வெட்டில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகக் கூடாது. வெட்டிய மறுநாள் நுனி வெள்ளையாகப் பிய்ந்து தெரிந்தால் பிளேடு மழுங்கிவிட்டது. நைலான் கயிறு சுற்றும் மெஷினை ஓரங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், நடுவில் விட்டால் மொட்டையடித்துவிடும்.

ஆடி முடிவில் ஸ்க்ரூடிரைவர் நடுப்பகுதியில் 12 செ.மீ. இறங்கியது. துளை இருந்த இடத்தில் வெட்டிப் பார்த்தால் மணல் வழியே வெள்ளை வேர் செம்மண்ணுக்குள் போயிருந்தது. துளைகளுக்கு இடையில் களி இன்னும் இருக்கிறது. அடுத்த வைகாசியில் இன்னொரு தடவை, இடைவெளியில் துளை விழும்படி போட வேண்டும்.

இந்தக் குறிப்பை ஏற்காட்டில் வீடு வைத்திருப்பவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். மேலே பாக்சைட் மண், மழை கழுவியெடுத்துப் புளிப்பேறியது. காப்பித் தோட்டங்களுக்கே சுண்ணாம்பு போடுகிறார்கள். அங்கே ஜிப்சமும் அமோனியம் சல்பேட்டும் வேண்டாம். மண் சோதனையில் புளிப்பு உறுதியானால் டோலமைட் (மெக்னீசியம் கலந்த சுண்ணாம்புக் கல் தூள்) சதுர மீட்டருக்கு 100 முதல் 200 கிராம். பெர்முடாவை விட அகன்ற இலைக் கார்ப்பெட் புல் அந்த மண்ணுக்கும் மூட்டத்துக்கும் ஒத்துப்போகும், 4, 5 செ.மீ. உயரத்தில் விடலாம். பூஞ்சாணம்தான் அங்கே முதல் எதிரி. காலையில் இலை மேல் நிற்கும் பனி ஈரத்தை, இரண்டு பேர் ஆளுக்கொரு முனையாக ஹோஸைப் பிடித்துப் புல் மேல் இழுத்துத் தட்டிவிட்டால் பாதி நோய் வராது.